இஸ்லாமியக் கல்வி வகுப்பில் 'கூட்டுறவுக் கற்றல்': கடைசி பெஞ்ச் மாணவரையும் பேச வைப்பது எப்படி? - முழு விளக்கம்

இந்தோனேசியாவின் ஒரு நடுநிலைப் பள்ளி. மதிய நேரத்தில் இஸ்லாமியக் கல்வி பீரியட். இன்றைய பாடம் ஜகாத். ஆசிரியர் போர்டில் எழுதுகிறார், மாணவர்கள் நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். கேள்வி கேட்டால் முன்வரிசையில் இருக்கும் அதே நான்கு பேர்தான் கை தூக்குகிறார்கள். மற்றவர்கள் மணி அடிக்கக் காத்திருக்கிறார்கள்.

பரீட்சையில் "ஜகாத் பெறத் தகுதியான எட்டு வகையினர் யார்?" என்று கேட்டால் பெரும்பாலானோர் மனப்பாடமாக எழுதிவிடுவார்கள். ஆனா, "உங்க பக்கத்து வீட்டுக்காரர் கடன்ல மூழ்கிட்டார். அவருக்கு ஜகாத் கொடுக்கலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பே அமைதியாகிவிடும்.

எட்டு வகையினரில் கடனாளியும் ஒருவர். மனப்பாடமாக எழுதிய அதே மாணவருக்கு, அது தன் தெருவில் இருக்கும் மனிதரைப் பற்றிய விஷயம் என்று தெரியவில்லை. இந்த இடைவெளியைக் குறைக்க பல நாட்டு ஆசிரியர்கள் இப்போது கையில் எடுத்திருக்கும் முறைதான் 'கூட்டுறவுக் கற்றல்'. அது என்ன, எப்படிச் செய்வது, எங்கே சறுக்கும்? விரிவாகப் பார்க்கலாம்.

முதல்ல, பிரச்சினை என்ன?

இஸ்லாமியக் கல்வி அரசுப் பாடத்திட்டத்தில் முக்கிய இடம் பெற்றிருக்கும் நாடுகளில் இந்தோனேசியா ஒன்று. அங்கே 2003-ம் ஆண்டின் தேசியக் கல்விச் சட்டம், ஒவ்வொரு மாணவருக்கும் அவரவர் மதக் கல்வியை, அதே மதத்தைச் சேர்ந்த ஆசிரியரிடம் கற்கும் உரிமையைத் தருகிறது. 2013 பாடத்திட்டம் நடுநிலைப் பள்ளிகளுக்கு வாரத்துக்கு 3 பீரியட் ஒதுக்கியது. ஒரு பீரியட் 40 நிமிடம். ஆக, வாரத்துக்கு 2 மணி நேரம்.

இந்த 2 மணி நேரத்தில் என்னென்ன நடத்த வேண்டும்? குர்ஆன் - ஹதீஸ், அகீதா எனப்படும் நம்பிக்கை, அக்லாக் எனப்படும் நல்லொழுக்கம், ஃபிக்ஹ் எனப்படும் சட்டம், இஸ்லாமிய வரலாறு என ஐந்து பகுதிகள். பாடத்தை முடித்தாக வேண்டும் என்ற அவசரத்தில் ஆசிரியர் பேசிக்கொண்டே போவார், மாணவர் கேட்டுக்கொண்டே இருப்பார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கணக்குப் பாடத்தில் "சார், புரியல" என்று சொல்வது எளிது. மார்க்கப் பாடத்தில் அதே வார்த்தையைச் சொல்லப் பல பிள்ளைகளுக்குத் தயக்கம். 'இதுகூடத் தெரியாதா' என்று நினைப்பார்களோ, கேள்வி கேட்பது மரியாதைக் குறைவோ என்ற பயம். அதனால் சந்தேகம் சந்தேகமாகவே தங்கிவிடுகிறது. பிறகு அதற்கான பதிலை ஏதோ ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டிலோ, 30 விநாடி வீடியோவிலோ தேடிக்கொள்கிறார்கள். அந்தப் பதில் சரியா தப்பா என்று சொல்ல அங்கே ஆசிரியர் இருக்க மாட்டார்.

கூட்டுறவுக் கற்றல்னா என்ன?

பெயரைக் கேட்டதும் 'குரூப் ஒர்க்தானே, நாங்களும் செய்திருக்கோமே' என்று தோன்றும். நான்கு பேரைச் சேர்த்து உட்கார வைத்து, ஒரு சார்ட் பேப்பரைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவர் எழுதுவார், ஒருவர் பென்சில் சீவித் தருவார், இரண்டு பேர் கதை பேசுவார்கள். மார்க் மட்டும் நான்கு பேருக்கும் ஒன்றாக வரும்.

இது கூட்டுறவுக் கற்றல் இல்லை. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஜான்சன், ரோஜர் ஜான்சன் சகோதரர்கள் இதற்கு ஐந்து அடிப்படைகளைச் சொன்னார்கள். எளிமையாகச் சொன்னால்:

• ஒருவர் இல்லாமல் மற்றவரால் வேலையை முடிக்க முடியாது என்ற நிலை இருக்க வேண்டும்.
• குழுவாகப் படித்தாலும், ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பதில் சொல்லியாக வேண்டும்.
• நேருக்கு நேர் பேசி, ஒருவருக்கொருவர் விளக்க வேண்டும்.
• கேட்பது, குறுக்கிடாமல் இருப்பது, மரியாதையாக மறுப்பது போன்ற பழக்கங்களைக் கற்றுத்தர வேண்டும்.
• கடைசியில், 'நம்ம குழு எப்படி வேலை செஞ்சது?' என்று திரும்பிப் பார்க்க வேண்டும்.

இதில் முதல் இரண்டும் உயிர்நாடி. அவை இல்லாவிட்டால் மிச்சம் இருப்பது வெறும் பெஞ்ச் மாற்றம்தான்.

எங்கே, ஏன் பிறந்தது?

இந்த முறைகளில் மிகவும் பிரபலமானது 'ஜிக்சா'. படத்துண்டுகளைச் சேர்க்கும் ஜிக்சா புதிரின் பெயர்தான். 1971-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாகாணம் ஆஸ்டின் நகரில், உளவியலாளர் எலியட் ஆரன்சன் தன் மாணவர்களோடு சேர்ந்து உருவாக்கியது.

அப்போது அந்த ஊர்ப் பள்ளிகளில் இனப் பாகுபாடு சட்டப்படி நீக்கப்பட்டு, வெள்ளையர், கறுப்பினத்தவர், மெக்சிகோ வம்சாவளிக் குழந்தைகள் ஒரே வகுப்பில் உட்காரத் தொடங்கியிருந்தார்கள். ஒரே அறையில் இருந்தார்கள், ஆனா ஒட்டவில்லை. சண்டையும் வெறுப்பும் இருந்தது. ஆரன்சன் வகுப்பறையைக் கவனித்தபோது, எல்லோரும் ஆசிரியரின் பாராட்டுக்காக ஒருவரோடு ஒருவர் போட்டி போடுவதைப் பார்த்தார். ஒருவர் தப்பாகச் சொன்னால் மற்றவருக்குச் சந்தோஷம்.

அதனால் பாடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்தார். ஒவ்வொரு மாணவரிடமும் ஒரு துண்டு. முழுப் பாடமும் தெரிய வேண்டுமென்றால், இதுவரை கேலி செய்த பிள்ளையின் பேச்சையும் காது கொடுத்துக் கேட்டே ஆக வேண்டும்.

வெறுப்பைக் குறைப்பதற்காகத் தொடங்கிய முறை இது. ஒழுக்கத்தைக் கற்பிக்கும் வகுப்புக்கு இது ஏன் பொருந்துகிறது என்பதற்கான பதிலும் இதில்தான் இருக்கிறது. அக்லாக் பாடத்தில் 'பிறரை இழிவாகப் பேசக் கூடாது' என்று எழுத வைப்பது ஒரு வகை. தடுமாறிப் பேசும் நண்பன் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருக்க வைப்பது இன்னொரு வகை. இரண்டாவதில் பாடம் அங்கேயே நடந்துவிடுகிறது.

ஜகாத் பாடத்தை ஜிக்சாவில் எப்படி நடத்துவது?

30 பேர் உள்ள வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். 5 பேர் வீதம் 6 'தாய்க் குழுக்கள்'. நன்றாகப் படிப்பவர், சுமாராகப் படிப்பவர், பேசத் தயங்குபவர் எல்லோரும் கலந்து இருக்கும்படி ஆசிரியரே பிரிக்க வேண்டும். 'உங்களுக்குப் பிடிச்சவங்களோட சேர்ந்துக்கோங்க' என்று விட்டால், கடைசி பெஞ்ச் மறுபடியும் கடைசி பெஞ்சாகவே உட்காரும்.

பாடத்தை 5 துண்டாகப் பிரிக்கலாம்:

1. யார் மீது கடமை? நிஸாப் எனப்படும் குறைந்தபட்ச அளவு என்ன? தங்கத்துக்கு இந்தோனேசியாவில் 85 கிராம் என்று கணக்கிடுகிறார்கள். அது ஓர் ஆண்டு கையில் இருந்திருக்க வேண்டும்.
2. எந்தச் சொத்துக்கு எவ்வளவு? தங்கம், பணம், வியாபாரச் சரக்குக்கு 2.5 சதவீதம். மழையில் விளைந்த பயிருக்கு 10 சதவீதம், செலவு செய்து நீர் பாய்ச்சியதற்கு 5 சதவீதம்.
3. யாருக்குக் கொடுக்கலாம்? குர்ஆனின் 9-வது அத்தியாயம் 60-வது வசனம் குறிப்பிடும் எட்டு வகையினர்.
4. ரமலான் முடிவில் கொடுக்கும் ஃபித்ரா. இந்தோனேசியாவில் பொதுவாக ஆளுக்கு 2.5 கிலோ அரிசி.
5. ஜகாத்துக்கும் தர்மத்துக்கும் என்ன வித்தியாசம்? வசூலித்துப் பகிர்வது யார்? இந்தோனேசியாவில் 'பஸ்னாஸ்' என்ற தேசிய ஜகாத் அமைப்பின் வேலை என்ன?

இனி 80 நிமிடத்தை, அதாவது இரண்டு பீரியட்டை, இப்படிப் பிரிக்கலாம்.

முதல் 5 நிமிடம்: ஆசிரியர் அறிமுகம் செய்கிறார். துண்டுகளைக் கொடுக்கிறார்.

அடுத்த 20 நிமிடம்: ஒரே துண்டு கிடைத்த 6 பேரும் ஒன்றாகச் சேர்ந்து படிக்கிறார்கள். இதற்கு 'நிபுணர் குழு' என்று பெயர். இங்கேதான் ஆசிரியர் ஒவ்வொரு குழுவுக்கும் போய், புரிந்துகொண்டது சரியா என்று பார்க்க வேண்டும். இங்கே தப்பு நுழைந்தால் வகுப்பு முழுக்கப் பரவும்.

அடுத்த 25 நிமிடம்: நிபுணர்கள் தங்கள் தாய்க் குழுவுக்குத் திரும்பி, ஆளுக்கு 5 நிமிடம் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

அடுத்த 15 நிமிடம்: ஒரு பொதுக் கேள்வி. உதாரணத்துக்கு: 'ஒருவர் 100 கிராம் தங்கக் கட்டியை ஓர் ஆண்டாகச் சேமித்து வைத்திருக்கிறார். மழையை நம்பிய வயலில் 1,000 கிலோ நெல் அறுவடை செய்திருக்கிறார். பக்கத்து வீட்டில் மருத்துவச் செலவால் கடனாளியான ஒருவர் இருக்கிறார். அவர் என்ன செய்ய வேண்டும்?'

தங்கத்துக்கு 2.5 கிராம் அல்லது அதற்கு ஈடான பணம். நெல்லுக்கு 100 கிலோ. பக்கத்து வீட்டுக்காரர் தகுதி உள்ளவரா என்பதை மூன்றாவது துண்டு வைத்திருப்பவர் சொல்ல வேண்டும். முதல் மூன்று துண்டுகளும் ஒன்றுசேராமல் இந்தக் கேள்விக்கு விடை வராது. அடுத்த கேள்வியில் ஒரு குடும்பத்தின் ஃபித்ராவைக் கேட்டால் நான்காவது துண்டுக்காரரின் முறை வரும்.

அடுத்த 10 நிமிடம்: குழுவைக் கலைத்துவிட்டு, ஒவ்வொருவருக்கும் தனித்தனி சிறு தேர்வு. பக்கத்தில் பார்க்கக் கூடாது. தன் துண்டில் மட்டுமல்ல, ஐந்திலிருந்தும் கேள்வி வரும்.

கடைசி 5 நிமிடம்: 'இன்னைக்கு யார் சொன்னதால உங்களுக்குப் புரிஞ்சது? எங்கே குழம்பினீங்க?' என்ற பேச்சு. மிச்சமிருக்கும் தவறை ஆசிரியர் திருத்துகிறார்.

முதல் தடவை சத்தம் அதிகமாக இருக்கும், நேரம் போதாது. இது எல்லா வகுப்பிலும் நடப்பதுதான். மூன்றாவது தடவையில் பிள்ளைகளுக்கே ஒழுங்கு பிடிபட்டுவிடும்.

ஜிக்சா மட்டும்தானா?

இல்லை. பாடத்துக்கு ஏற்ற மாதிரி வேறு முறைகளும் இருக்கின்றன.

யோசி - ஜோடியாகப் பேசு - பகிர்: மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் ஃபிராங்க் லைமன் 1981-ல் முன்வைத்தது. கேள்வி கேட்டதும் யாரும் கை தூக்கக் கூடாது. ஒரு நிமிடம் தனியாக யோசனை, இரண்டு நிமிடம் பக்கத்தில் இருப்பவரோடு பேச்சு, பிறகு வகுப்புக்குச் சொல்வது. 'பொய் சொல்லி நண்பனைக் காப்பாற்றலாமா?' போன்ற அக்லாக் கேள்விகளுக்கு இது பொருத்தம். நாற்பது பேர் முன்னால் பேசப் பயப்படும் பிள்ளை, ஒருவரிடம் சொல்லிப் பார்த்த பிறகு தைரியமாகப் பேசும். பெஞ்சை நகர்த்தக்கூடத் தேவையில்லை.

எண் தலைகள்: ஸ்பென்சர் கேகன் பிரபலப்படுத்தியது. குழுவில் 1, 2, 3, 4 என்று எண் கொடுக்க வேண்டும். கேள்விக்குக் குழு கலந்து பேசும். பிறகு ஆசிரியர் 'நம்பர் 3' என்பார். ஒவ்வொரு குழுவிலும் 3-ம் எண் மாணவர்தான் பதில் சொல்ல வேண்டும். யாரைக் கூப்பிடுவார்கள் என்று தெரியாததால், எல்லோருக்கும் பதில் தெரிந்திருக்கிறதா என்று குழுவே பார்த்துக்கொள்ளும்.

அணி அடைவு முறை: ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஸ்லாவின் உருவாக்கிய 'ஸ்டாட்'. ஆசிரியர் முதலில் நடத்துவார், நான்கு பேர் கொண்ட அணி சேர்ந்து பயிற்சி செய்யும், பிறகு தனித்தேர்வு. இதில் மார்க் போடும் விதம்தான் விசேஷம். ஒவ்வொருவரும் தன் பழைய சராசரியிலிருந்து எவ்வளவு முன்னேறினார் என்பதற்கே அணிப் புள்ளி. சராசரியைவிட 10 வரை கூடினால் 20 புள்ளி, அதற்கு மேல் கூடினால் 30 புள்ளி. 40 மார்க் எடுத்துக்கொண்டிருந்தவர் 55 எடுத்தால், அணிக்கு முழு 30 கிடைக்கும். எப்போதும் 90 எடுப்பவர் 92 எடுத்தால் 20 தான். 'இவன் எங்க குரூப்புக்கு வேண்டாம்' என்ற பேச்சு குறைய இந்தக் கணக்கு உதவுகிறது.

வாரிசுரிமைச் சட்டம் போன்ற கணக்குப் பாடத்துக்கு இந்த முறை கச்சிதம். ஒரு பெண் இறக்கிறார். கடன், மரண சாசனம் போக மிச்சம் 12 லட்சம் ரூபாய். வாரிசுகள்: கணவர், ஒரு மகன், ஒரு மகள். பிள்ளைகள் இருப்பதால் கணவருக்கு நான்கில் ஒரு பங்கு, அதாவது 3 லட்சம். மீதி 9 லட்சம் மகனுக்கும் மகளுக்கும் 2-க்கு 1 என்ற விகிதத்தில் 6 லட்சம், 3 லட்சம். போர்டில் பார்த்தால் எளிது, தனியாகப் போட்டால் தடுமாறும். அணியில் ஒருவர் ஒரு படி போட்டு, அடுத்தவர் சரிபார்த்தால் எங்கே தப்பு என்று உடனே தெரிந்துவிடும்.

இது இஸ்லாமிய மரபுக்குப் புதுசா?

'மேற்கத்திய முறையை மார்க்க வகுப்பில் எதுக்குக் கொண்டுவரணும்?' என்ற கேள்வி பல இடங்களில் வருகிறது. நியாயமான கேள்விதான்.

ஜிக்சா, ஸ்டாட் என்ற பெயரும் படிநிலையும் புதியவை. ஆனா, ஆசிரியரைச் சுற்றி வட்டமாக அமர்ந்து படிக்கும் 'ஹல்கா' முறை பள்ளிவாசல்களில் பல நூற்றாண்டுப் பழக்கம். 13-ம் நூற்றாண்டைச் சேர்ந்த அறிஞர் ஸர்நூஜி, மாணவர்களுக்காக எழுதிய 'தஃலீமுல் முதஅல்லிம்' நூலில், படித்ததைச் சக மாணவரோடு பேசிப் பார்ப்பதையும் விவாதிப்பதையும் வலியுறுத்துகிறார். இந்தோனேசியாவின் 'பெசன்த்ரன்' எனப்படும் மார்க்கப் பள்ளிகளில் இன்றும் இந்த நூல் பாடமாக இருக்கிறது.

1377-ல் 'முகத்திமா' எழுதிய இப்னு கல்தூனும், வகுப்பில் வாய் திறக்காமல் மனப்பாடத்திலேயே காலம் கழிக்கும் மாணவர்களைப் பற்றிக் கவலைப்பட்டவர்தான். அறிவுத் திறன் வளர எளிய வழி பேச்சும் விவாதமும் என்பது அவர் கருத்து. நன்மையான காரியங்களில் ஒருவருக்கொருவர் உதவுங்கள் என்ற கருத்துள்ள குர்ஆனின் 5-வது அத்தியாயம் 2-வது வசனத்தையும் ஆசிரியர்கள் இந்த முறைக்கு அடிப்படையாகச் சுட்டுகிறார்கள்.

இந்தோனேசியாவுக்கு இன்னொரு சொந்தக் காரணமும் இருக்கிறது. ஊரே கூடி வேலை செய்யும் பழக்கத்தை அங்கே 'கோத்தோங் ரோயோங்' என்பார்கள். 2022-ல் அறிமுகமான 'மெர்டேக்கா' பாடத்திட்டம், மாணவரிடம் வளர வேண்டிய ஆறு பண்புகளில் ஒன்றாக இதைச் சேர்த்தது.

அப்போ குர்ஆன் ஓதுறதையும் பிள்ளைகளே சொல்லிக்கொடுக்கலாமா?

இங்கேதான் எச்சரிக்கை தேவை. ஓதுதல் என்பது ஆசிரியரின் வாயைப் பார்த்து, காதால் கேட்டு, திரும்ப ஓதிக் காட்டித் திருத்திக்கொள்ளும் கலை. ஓர் எழுத்தின் உச்சரிப்பு மாறினால் பொருளே மாறலாம். அந்த இடத்தில் சக மாணவர் ஆசிரியராக முடியாது.

ஆனா பயிற்சிக்கு உதவலாம். இதற்கு நல்ல உதாரணம் இந்தோனேசியாவின் 'இக்ரோ' முறை. யோக்யகர்த்தாவைச் சேர்ந்த அஸ்அத் ஹுமாம் உருவாக்கிய இந்த ஆறு சிறு புத்தகங்களில்தான் பல இந்தோனேசியப் பிள்ளைகள் குர்ஆன் வாசிக்கப் பழகினார்கள். ஒவ்வொரு பிள்ளையும் ஆசிரியரிடம் தனித்தனியாக ஓதிக் காட்ட வேண்டும் என்பது அதன் விதிகளில் ஒன்று. மேல் புத்தகத்துக்குப் போன மாணவர், கீழ்ப் புத்தகத்தில் இருப்பவர் வாசிப்பதைக் கேட்டு உதவலாம் என்பது இன்னொன்று. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

வழி தெளிவு: பிள்ளைகள் ஜோடியாகப் பத்து தடவை ஓதிப் பழகட்டும். முடிவாகக் கேட்டுத் திருத்துவது உஸ்தாத் கையில் இருக்கட்டும். ஒளு, தொழுகை போன்ற செயல்முறைகளுக்கும் இதுவே பொருந்தும். ஒருவர் செய்து காட்ட, இன்னொருவர் பட்டியலை வைத்து 'டிக்' அடிக்கலாம்.

எங்கே சறுக்கும்?

ஒருவர் உழைக்க, நால்வர் உட்கார: தனித்தேர்வு இல்லாவிட்டால் இது கட்டாயம் நடக்கும். குழுவுக்கு ஒரே மார்க் என்ற பழக்கத்தை விட வேண்டும்.

தப்பான தகவல்: மற்ற பாடங்களைவிட இங்கே இது தீவிரமான விஷயம். நபிகள் சொல்லாததைச் சொன்னதாக ஒரு மாணவர் சொல்லிவிட்டால், ஐந்து வீடுகளுக்கு அது போய்ச் சேரும். துண்டுச் சீட்டில் இருப்பதைத் தாண்டி ஏதாவது சொன்னால், 'எங்கே படிச்சே?' என்று கேட்கும் பழக்கத்தைக் குழுவிலேயே உருவாக்க வேண்டும். தெரியாததற்கு 'கேள்விப் பெட்டி' ஒன்று வைக்கலாம்.

கலப்புக் குழு: ஆண், பெண் பிள்ளைகள் சேர்ந்து படிக்கும் பள்ளிகளில், குறிப்பாக வளரிளம் பருவத்தில், தனித்தனிக் குழுக்களே பலருக்கு இயல்பாக இருக்கும். முறைக்கு இதனால் பாதிப்பில்லை. ஆனா பெண்கள் குழுவுக்கு எளிய துண்டு, ஆண்கள் குழுவுக்குக் கடின துண்டு என்று மட்டும் ஆகிவிடக் கூடாது.

ஆசிரியரின் பயம்: 'நான் நடத்தாம பிள்ளைங்களே நடத்தினா, எனக்கு என்ன மரியாதை?' வெளியே சொல்லாவிட்டாலும் இந்தத் தயக்கம் உண்டு. உண்மையில் துண்டு தயாரிப்பது, குழு பிரிப்பது, ஆறு குழுக்களைச் சுற்றி வந்து தப்பைப் பிடிப்பது எல்லாம் லெக்சரைவிடக் கூடுதல் வேலை.

நிஜமாகவே பலன் தருமா?

இந்தோனேசியாவில் இதுகுறித்த ஆய்வுகளுக்குப் பஞ்சமில்லை. ஆசிரியர்களும் ஆசிரியர் பயிற்சி மாணவர்களும் தங்கள் வகுப்பிலேயே செய்யும் 'வகுப்பறைச் செயலாய்வு' அங்கே மிகவும் பரவலானது. திட்டமிடு, செய், கவனி, சிந்தி என்ற சுற்றுகளாக அது போகும். இஸ்லாமியக் கல்வியில் ஜிக்சா, ஸ்டாட் ஆகியவற்றை வைத்துச் செய்தவற்றில், மார்க்கும் பங்கேற்பும் கூடியதாகவே வழக்கமாகச் சொல்லப்படுகிறது.

ஆனா இவற்றை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. பெரும்பாலும் ஒரே வகுப்பு, ஒப்பிட வேறு வகுப்பு இருக்காது, நடத்துபவரும் அளப்பவரும் ஒருவரே. புது முறை என்ற உற்சாகத்திலேயே சில வாரம் மார்க் கூடலாம்.

உறுதியாகப் பிடித்துக்கொள்ளக்கூடியது, பல பாடங்களில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஸ்லாவின் வந்தடைந்த முடிவு. குழுவுக்கு ஒரு பொது இலக்கும், ஒவ்வொருவருக்கும் தனிப் பொறுப்பும் சேர்ந்து இருந்தால்தான் கற்றல் நன்றாகக் கூடுகிறது. வெறுமனே குழுவாக உட்கார வைப்பதால் பெரிய பலன் இல்லை.

மார்க் தாண்டியும் ஒன்று இருக்கிறது. தொழுகையைச் சரியாக விளக்கி எழுதிய பிள்ளை அதைக் கடைப்பிடிக்கிறதா, பொறாமை கூடாது என்று எழுதியவர் பொறாமைப்படாமல் இருக்கிறாரா என்பதை எந்த வினாத்தாளும் அளக்காது. குழு முறை அதற்கு உத்தரவாதம் தராது. பழகிப் பார்க்க ஓர் இடம் தரும், அவ்வளவுதான்.

தமிழில் நடக்கும் வகுப்புகளுக்கு இது ஒத்துவருமா?

இலங்கையில் இஸ்லாம் ஒரு பள்ளிப் பாடம். சாதாரண தரப் பரீட்சையில் சமயம் கட்டாயப் பாடம் என்பதால், தமிழ் மொழிமூல முஸ்லிம் மாணவர்கள் இஸ்லாத்தைத் தமிழிலேயே படித்து எழுதுகிறார்கள். 2007-ல் வந்த தேர்ச்சி மையக் கலைத்திட்டம் குழுவாக ஆராயும் செயற்பாடுகளை ஏற்கெனவே உள்ளே கொண்டுவந்தது. அங்கே ஆசிரியரின் கவலை பரீட்சைதான். மேலே சொன்ன 10 நிமிடத் தனித்தேர்வில் பரீட்சை மாதிரி வினாக்களையே கொடுத்தால், இரண்டையும் சேர்த்துக்கொண்டு போகலாம்.

தமிழ்நாட்டில் நிலை வேறு. முழுக்க அரசு நிதியில் நடக்கும் கல்வி நிறுவனங்களில் மத போதனை கூடாது என்பது அரசியல் சாசனத்தின் 28-வது பிரிவு. அதனால் பிள்ளைகள் பள்ளிவாசலை ஒட்டிய மக்தபுக்குக் காலையிலோ மாலையிலோ ஓதப் போகிறார்கள். பெரும்பாலும் ஒரே ஹாலில் வெவ்வேறு வயதுப் பிள்ளைகள், ஓர் உஸ்தாத். அவர் ஒருவரிடம் கேட்கும்போது மற்றவர்கள் முறைக்குக் காத்திருப்பார்கள். அந்தக் காத்திருக்கும் நேரத்தை ஜோடிப் பயிற்சியாக மாற்றினாலே பாதி வேலை முடிந்தது.

இங்கே இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஹனஃபி, ஷாஃபி என இரண்டு மத்ஹபுக் குடும்பங்களும் இருக்கின்றன. பெண்கள் வழக்கமாக அணியும் தங்க நகைக்கு ஜகாத் உண்டு என்பது ஹனஃபி நிலைப்பாடு. ஷாஃபி மத்ஹபின் பிரபலமான கருத்துப்படி அதற்கு இல்லை. இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே குழுவில் இருந்தால் 'எங்க வீட்டுல இப்படி, உங்க வீட்டுல எப்படி?' என்ற பேச்சு தானாக வரும். அதைச் சண்டையாக்காமல், இரண்டுக்கும் காரணம் தேடும் பாடமாக உஸ்தாத் மாற்றினால், பெரியவர்களே பல இடங்களில் தடுமாறும் விஷயத்தைப் பிள்ளைகள் பத்து வயதிலேயே பழகிக்கொள்வார்கள்.

நாளைக்கே ஆரம்பிக்கணும்னா?

• முதல் வாரம் ஜிக்சா வேண்டாம். 'யோசி - ஜோடியாகப் பேசு - பகிர்' ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் செய்யுங்கள்.
• இரண்டாம் வாரம் எண் தலைகள். சின்னச் சின்னக் கேள்விகள் போதும்.
• பிள்ளைகள் கேட்கவும் பேசவும் பழகிய பிறகு ஒரு பாடத்தை ஜிக்சாவில் எடுங்கள். ஹஜ்ஜின் கட்டங்கள், நான்கு கலீஃபாக்களின் காலம் போன்று இயல்பாகவே துண்டாகப் பிரியும் பாடமாகத் தேர்ந்தெடுங்கள்.
• இறைநம்பிக்கையின் அடிப்படைகள், புது சூராவின் உச்சரிப்பு போன்றவற்றை நீங்களே நேரடியாக நடத்துங்கள்.
• ஒவ்வொரு முறையும் தனித்தேர்வு, கடைசியில் திருத்தம். இந்த இரண்டையும் மட்டும் விடாதீர்கள்.

கடைசியாக...

மறுபடியும் அந்த ஜகாத் வகுப்புக்குப் போவோம். நான்கு பேர் மட்டும் கை தூக்கிய வகுப்பில், கடைசி பெஞ்ச் மாணவரிடம் மூன்றாவது துண்டு கொடுக்கப்பட்டிருக்கிறது. பக்கத்து வீட்டுக் கடனாளியைப் பற்றிய கேள்வி வருகிறது. குழுவில் இருக்கும் நான்கு பேரும் அவர் முகத்தைப் பார்க்கிறார்கள், ஏன்னா பதில் அவரிடம்தான் இருக்கிறது.

அவர் தடுமாறித்தான் சொல்வார். முதல் தடவை பாதிதான் சொல்வார். ஆனா அன்றைக்கு அந்த வகுப்பில் அவர் வெறுமனே உட்கார்ந்திருக்க மாட்டார். வாரத்துக்கு 2 மணி நேரமே கிடைக்கும் ஒரு பாடத்தில், அது சின்ன விஷயம் இல்லை.